நாற்காலியில் இருப்பவர் பதில் சொல்லக் கூடாது

எங்கள் பள்ளிக்கூடம் அமைதியாக இருந்தால்தான் ஊருக்குச் சந்தேகம் வரும். மற்ற ஊர்களில் வாத்தியார் வராத நாளில்தான் இரைச்சல் கேட்கும். எங்கள் ஊரில் வாத்தியார் வந்திருக்கிறார் என்பதற்கே இரைச்சல்தான் அத்தாட்சி. அந்த வாத்தியார் என் சித்தப்பா.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. சித்தப்பா பயிற்சி முடித்து, காத்திருந்து, கடைசியில் சொந்த ஊருக்கே வாத்தியாராக வந்து சேர்ந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாரும் அரசாங்க வேலை பார்த்ததில்லை. அந்த வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அம்மா அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தணித்துக்கொள்வதைப் பார்த்து, அது ஏதோ சுலபத்தில் உடையக்கூடிய பொருள் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். இன்றைக்கும் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். அந்த வயதில் என் பெரிய கவலை, வகுப்பில் மறந்துபோய் அவரைச் 'சித்தப்பா' என்று கூப்பிட்டுவிடுவேனோ என்பது. வழியெல்லாம் 'சார், சார்' என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். அப்படியும் வாய் தவறிவிடும். அவர் கேட்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மற்ற பிள்ளைகள் விடுவார்களா? "இன்னாடி, உங்க சித்தப்பா ஜன்னல்லயா இருக்குறாரு?" என்பான் ஏழுமலை.

சித்தப்பா பாடம் நடத்திய விதம் ஊருக்குப் புதிது. வரிசையாக உட்கார வைக்க மாட்டார். வட்டமாகத்தான் உட்கார வேண்டும். கோமுகி ஆற்றைப் பற்றிய பாடம் என்றால் பாதிப் பேர் மலை, மீதிப் பேர் ஓடை. ஓடைகள் எல்லாம் வேப்பமரத்திலிருந்து ஓடிவந்து கதவருகே ஒன்றாகி ஆறாக வேண்டும். மலையாக நின்றவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். நான் எப்போதும் மலையைத்தான் கேட்டு வாங்குவேன். விழுந்து முட்டி பேராது. பின்னம் சொல்லிக்கொடுக்க மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துக் கொண்டுவந்து, அரை, கால், அரைக்கால் என்று அறுத்துக் கொடுத்தார். அதை அப்பா கேள்விப்பட்டுவிட்டார்.

"ஏண்டா, பள்ளிக்கூடம் நடத்துறியா, கெழங்கு மண்டி நடத்துறியா?"

"அறுத்துத் தின்ன புள்ளைக்குக் கால்னா இன்னான்னு சாவற வரிக்கும் மறக்காதுண்ணா."

"எப்படி மறக்கும்? வவுறு நெறஞ்சிடுதே!"

அம்மா சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்றைக்குச் சிரித்தாள்.

இவற்றையெல்லாம் விட வினோதம் அந்த நாற்காலி. பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அடியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்திருந்தோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு சித்தப்பா தரையில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போது, பெரிய வகுப்புக்கு எங்களில் ஒருவர் அந்த நாற்காலியில் ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்தவர்தான் அன்றைக்கு டீச்சர். அவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். அதற்குச் சட்டங்கள் உண்டு. நாற்காலியில் இருப்பவர் பதில் சொல்லக் கூடாது. பதில் தெரிந்திருந்தாலும், "தெரியாது, யாருக்குத் தெரியும்?" என்றுதான் கேட்க வேண்டும். உடனே பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகத் திரும்பிப் பேசிக்கொள்ள வேண்டும். இதற்குப் 'பக்கத்துப் பேச்சு' என்று பெயர். தனியாக யாரும் மிஞ்சக் கூடாது. பேசி முடித்துச் சொல்லும் பதில் சரியோ தப்போ, எல்லாவற்றையும் போர்டில் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு பதிலுக்கும் ஒரே கேள்வி: "உனக்கு எப்படித் தெரியும்?"

கண்ணால் பார்த்தது, கையால் செய்தது, புத்தகத்தில் படித்துக் காட்டக்கூடியது என்றால் பதில் நிற்கும். யாரோ சொன்னார்கள் என்றால், வகுப்பே "அடி! அடி!" என்று கத்தும். பதிலின் மேல் கோடு விழும்.

ஒருதரம் ஏழுமலை, கரியாலூர்க் காட்டில் கரடி மனுஷன் மாதிரி ரெண்டு காலில் நடந்து வந்து கதவைத் தட்டும் என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க மாமா பாத்துக்கிறாரு."

"அடி! அடி!"

கோடு விழுந்தபோது ஏழுமலை தன் மாமாவையே யாரோ அடித்துவிட்ட மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

என் முறை வரும் நாளில் எனக்குக் காலையிலிருந்தே கவலைதான். கல் நழுவிவிடுமா, கேள்வி மறந்துவிடுமா, எல்லோரும் சிரிப்பார்களா என்று. ஆனால் ஏறி உட்கார்ந்ததும் ஒன்று புரிந்துபோகும். அந்த நாற்காலியில் பதில் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. என்னைப் போல ஒருத்திக்கு அதைவிட நிம்மதியான இடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு இல்லை.

இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் எங்கள் பக்கத்துச் சாலைகளை மறிக்க மரங்களை வெட்டிச் சாய்த்த வருஷம் அது. பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். படித்தும் வேலை கிடைக்காத பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் வராது என்பதுதான். பஸ் வராது, பால் வண்டி வராது, கச்சிராயபாளையத்துச் சந்தைக்குப் போகிறவர்கள் வயல் வழியாக நடக்கிறார்கள்.

வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொண்டது எனக்கு அரைகுறையாகக் காதில் விழுந்தது.

"உனக்குத்தான் வேல கெடச்சிடுச்சே, நீ எதுக்குடா போற?"

"கெடச்சவன் வூட்ல குந்திக்கினு, கெடைக்காதவன் மட்டும் ரோட்ல நிக்கணுமாண்ணா?"

"மாட்டிக்கினா வேல பூடும்டா."

சித்தப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் நான் கொல்லைப் பக்கம் போக எழுந்தேன். மாட்டுக் கொட்டகை அருகே சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். தோளில் சாக்கு சுற்றிய கோடாலி. கூட ஏழுமலையின் அப்பாவும் இன்னும் சிலரும். அவர்கள் சாலைப் பக்கம் நடந்து மறையும்வரை வைக்கோல் போருக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். என்னை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்ததையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எதுவோ உடைந்துவிடும் என்று தோன்றியது.

காலையில் அம்மா பள்ளிக்கூடச் சாவியை என் கையில் திணித்தாள். "எப்பவும் போல தெற. எப்பவும் போல கத்துங்க. சத்தம் கேட்டா சார் இருக்காருன்னு நெனச்சிக்குவாங்க. யாரு கேட்டாலும், சித்தப்பா கள்ளக்குறிச்சிக்கு சாக்பீஸ் வாங்கப் போயிருக்காருன்னு சொல்லு. தெரிதா?"

"எந்தக் கடைலன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்கடி."

"கேட்டா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சார் எங்கே என்று கேட்ட பிள்ளைகளிடமும் சாக்பீஸ் என்றே சொன்னேன். பள்ளிக்கூடம் நடந்தது. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. ஆனால் எங்களுக்கு அதில் புதிதாக எதுவுமில்லை. சார் இருக்கும்போதும் நாங்கள்தானே கேள்வி கேட்டோம், நாங்கள்தானே பதில் சொன்னோம்? நாளுக்கு ஒருவராக நாற்காலியில் ஏறினோம். பெரியவர்கள் சின்னவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தோம். மத்தியானம் சத்துணவு சமைக்கும் அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க சார் இருந்தாலே இதவிடக் கம்மியா கத்துவீங்க" என்று போனாள். சித்தப்பா மட்டும் வரவில்லை. சாலையில் நின்றவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போவதாகவும், கடலூர் ஜெயிலில் இடமே இல்லையென்றும் பேசிக்கொண்டார்கள். அம்மா சோறு போடும்போது தட்டு கை தவறியது.

எனக்கு முறை வந்த நாளில்தான் ஏ.இ.ஓ. வந்தார். பள்ளிக்கூடங்களைச் சோதனை போட வருகிற அதிகாரி. பஸ் இல்லாத அந்த நாளில் யார் வருவார்கள் என்று எல்லோரும் மெத்தனமாக இருந்தபோது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். பேண்ட்டில் முழங்கால்வரை சேறு. முழங்கையில் நீளமாக ஒரு கீறல். வழுக்கை விழாத ஓரத் தலைமுடியில் பொடிப்பொடியாகப் பச்சை இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கேயோ விழுந்துவிட்டார் பாவம் என்று நினைத்தேன். தலையில் இலை இருக்கிறது என்று சொல்லலாமா, பெரியவரிடம் அப்படிச் சொன்னால் மரியாதைக் குறைவோ என்று அந்த நேரத்திலும் ஒரு கவலை வந்தது.

"உங்க சார் எங்கம்மா?"

சாக்பீஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உட்கார்ந்திருந்தது நாற்காலியில். பழக்கம் முந்திக்கொண்டது.

"தெரியாது. யாருக்குத் தெரியும்?"

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. அதற்குள் வகுப்பு மொத்தமும் இரண்டிரண்டு பேராகத் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டது. ஏ.இ.ஓ. திகைத்துப்போனார்.

"இன்னா நடக்குது இங்க?"

"பக்கத்துப் பேச்சு சார்" என்றாள் செல்வி. "டீச்சர் பதில் சொல்லக் கூடாது. நாங்கதான் பேசிச் சொல்லணும்."

"யாரு டீச்சர்?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நாற்காலிக்கு அடியில் கல் லேசாக அசைந்தது.

ஓரத்தில் ஒன்றாம் வகுப்புக் குமார் ஜோடியில்லாமல் தனியாக உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தான். யாரும் தனியாக மிஞ்சக் கூடாது என்பது சட்டம். அதிகாரியிடம் போய் அதைச் சொல்லப் பயமாக இருந்தது. ஆனாலும் சட்டத்தை மீறுவது அதைவிடப் பயமாக இருந்தது.

"ஐயா, நீங்க குமாருகூட உக்காருங்க."

அவர் என்னைப் பார்த்தார். குமாரைப் பார்த்தார். சேறு பட்ட பேண்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குமார் அவர் காதருகே போய், கையால் மறைத்துக்கொண்டு, என்னமோ நீளமாகச் சொன்னான். அவர் ரொம்ப அக்கறையாகத் தலையாட்டினார்.

பதில்கள் வந்தன. கள்ளக்குறிச்சிக்குச் சாக்பீஸ் வாங்க. வயிற்று வலி, ஆஸ்பத்திரி. ஏழுமலை எழுந்து நின்று மார்பை விரித்தான்.

"மரம் வெட்டப் போயிக்கிறாரு! எங்கப்பாகூட!"

அறையில் சத்தம் அடங்கியது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக்கூட ஏதோ தெரிந்திருந்தது. ஏ.இ.ஓ. கையைத் தூக்கித் தலையைத் தடவினார். விரலில் ஒரு இலை வந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

எல்லாவற்றையும் போர்டில் எழுத வேண்டும் என்பதும் சட்டம். இறங்கிப் போய் எழுதினேன். 'மரம் வெட்ட' என்று எழுதும்போது சாக்பீஸ் ஒடிந்தது. கடைசியில் குமார் எழுந்தான். ஏ.இ.ஓ.வின் தோளில் கையை வைத்துக்கொண்டு, "எங்க பதிலு: சார் மலை மேல தேன் எடுக்கப் போயிக்கிறாரு" என்றான்.

"எங்க பதில்தான்" என்றார் ஏ.இ.ஓ.

எழுதினேன். பிறகு கேள்வி.

"சாக்பீஸ். உனக்கு எப்படித் தெரியும்?"

செல்வி என்னை முறைத்தாள். "நீதானடி சொன்ன!"

"அடி! அடி!"

நான் சொன்ன பொய்யை நானே கோடு போட்டு அடித்தேன். வயிற்று வலியும் போனது. அதைச் சொன்னவளுக்கு அவள் வீட்டு வயிற்று வலிதான் ஞாபகம் வந்திருந்தது. அடுத்தது ஏழுமலை. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மரம் வெட்ட. உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பாகூடத்தான போனாரு!"

"நீ பாத்தியா?"

ஏழுமலை தடுமாறினான். "நா தூங்கிக்கினு இருந்தேன். எங்கம்மா சொல்லிச்சி."

"அடி! அடி!" கூரை அதிர்ந்தது. இவ்வளவு சந்தோஷமாக எங்கள் வகுப்பு ஒரு பதிலை அடித்ததில்லை. ஏழுமலைகூடத் தன் பதிலுக்குத் தானே கத்தினான்.

"தேன் எடுக்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குமார் ஏ.இ.ஓ.வைத் திரும்பிப் பார்த்தான். ஏ.இ.ஓ. எழுந்தார். ஒரு மாணவனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் பாக்கலங்க டீச்சர். இவன் சொன்னான்."

அதிகாரியின் பதிலை அடிக்கலாமா கூடாதா என்று சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வகுப்பு விடவில்லை. அடித்தேன்.

நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தேன். போர்டு முழுக்கக் கோடுகள். ஒரு பதிலும் மிஞ்சவில்லை. அவர் போர்டை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு திரும்பி, "அப்போ கண்ணால பாத்தவங்க இங்க யாருமே இல்லியா?" என்று கேட்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் என் முகத்துக்கு வந்தார். அங்கே நின்றார்.

 வைக்கோல் போரும், சாக்கு சுற்றிய கோடாலியும் என் நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பதாகவே தோன்றியது. நாற்காலிக்கு அடியில் கல் கரகரவென்றது. கேட்டால் சொல்லிவிடுவேன். எனக்கு நிச்சயமாகத் தெரியும், சொல்லிவிடுவேன். கண்ணால் பார்த்தது நான் ஒருத்திதான்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

"டீச்சர் பதில் சொல்லக் கூடாது, இல்ல?"

"சொல்லக் கூடாது!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"அப்போ சரி."

வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். "உங்க சார் வந்தா, நான் வந்தேன், பாடம் நடந்துக்கினு இருந்துச்சின்னு சொல்லும்மா. அந்த நாற்காலிக்கு வேற கல்லு பாத்து வைங்க. கீழ விழப் போற." அவ்வளவுதான். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். சாலையில் விழுந்து கிடந்த புளிய மரத்தருகே போனதும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கிளைகளுக்கு நடுவே ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறிப் போனார். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு மரம். அங்கேயும் இறக்கி, ஏற்றி. ஏழுமலை கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "போர்டுல எழுதுனியா? மரம் வெட்டப் போனாருன்னு போர்டுல எழுதுனியாடி?" என்று அதையே கேட்டாள். வேலை போனது, என்னால்தான் போனது என்று முடிவு செய்துகொண்டு அன்று நான் சாப்பிடவில்லை.

சாலை திறந்த பிறகு ஒரு மத்தியானம் சித்தப்பா வந்தார். சாலை வழியாக வரவில்லை. மலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில், மரவள்ளிக் கொல்லைகளின் ஓரமாக வந்தார். தாடி வளர்ந்திருந்தது. போலீஸ் வந்த அன்றைக்கே மலைமேல் ஏறிவிட்டாராம். கரியாலூரில் கூடப் படித்தவர் வீட்டில் இருந்தாராம். கையில் ஒரு பாட்டில் தேன். அதைப் பார்த்து எனக்கு உடம்பு சில்லிட்டது. அடித்த பதில்தான் சரியாக இருந்திருக்கிறது!

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போர்டு, குமார், "அடி அடி", எதையும் விடவில்லை. சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். அதிகாரியைக் குமாரோடு உட்கார வைத்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்ட மாதிரிச் சித்தப்பா நிமிர்ந்தார்.

"கடசீல உன்ன ஒண்ணும் கேக்கலியா அவரு?"

"டீச்சர் பதில் சொல்லக் கூடாதுன்னு அவரே சொல்லிட்டாரு."

"உனக்குத் தெரியுமா? நான் போனது?"

நான் அன்றைக்கு நாற்காலியில் இல்லை. கோரைப் பாயில் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும், "தெரியாது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். வகுப்புச் சட்டங்களை நான் சரியாகப் பின்பற்றவில்லை என்று கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அவர் சட்டையைத் துவைக்க எடுத்து உதறினாள். பையிலிருந்து பொடிப்பொடியாக இலைகள் உதிர்ந்தன. காய்ந்து பழுப்பாகியிருந்தன. எங்கேயோ பார்த்த இலை மாதிரி இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்குள் குமாருக்குத் தேன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். மறந்துவிட்டேன்.

வேலை போகவில்லை. அது நிரந்தரமானபோது வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஐந்தாவது முடித்ததும் நான் நின்றுவிட்டேன். மேலே படிக்க பஸ்ஸில் போக வேண்டும், பஸ் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று அம்மா யோசிப்பதற்கு முன்னால் நானே யோசித்துவிட்டேன். சித்தப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். புதிய பள்ளிக்கூடத்தில் எல்லா நாற்காலியிலும் பெரியவர்களே உட்கார்ந்திருப்பார்கள், கேள்வியெல்லாம் என்னை நோக்கியே வரும் என்று எனக்குப் பயம். அதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஏ.இ.ஓ. மறுபடி வரவே இல்லை. வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். எங்கள் விளையாட்டுக்குப் புதியவரான ஒரு மனிதர், அதன் சட்டத்தை வந்த கொஞ்ச நேரத்தில் எங்களைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டாரே என்று அப்போது எனக்கு ஒரே ஆச்சரியம். ஆச்சரியத்துக்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை. அவர் போன அன்றைக்குப் படுத்தபடி நான் பட்ட கவலைகளில் ஒன்று வேலையைப் பற்றியது. இன்னொன்று, தலையில் இலை இருக்கிறது ஐயா என்று அவரிடம் சொல்லாமலேயே அனுப்பிவிட்டோமே, கள்ளக்குறிச்சி போய்ச் சேருவதற்குள் யாராவது சொல்லியிருப்பார்களா என்பது.